நாள் நடைக்குச் சிறிய கித்தான் முதுகுப்பை: எதைப் பார்த்து எடுப்பது?

12 ஜனவரி 2025 (கம்பத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் நடைகளுக்காக, கித்தானும் (கேன்வாஸ் துணி) தோலும் பித்தளைக் கொக்கியுமாகப் பழைய பாணியில் தைத்த சிறிய முதுகுப்பை ஒன்று வாங்க விரும்புகிறேன். ராமக்கல்மேடு, குரங்கணி, கொழுக்குமலை ஆகிய பக்கங்களுக்குத்தான் போவேன். இணையத்தில் பார்ப்பவை எல்லாம் அழகாக இருக்கின்றன. மலையில் நடப்பவர்கள் உண்மையிலேயே இவற்றைப் பயன்படுத்துகிறார்களா, இல்லை கல்லூரிக்கு மாட்டிக்கொண்டு போவதற்குத்தானா?

13 ஜனவரி 2025

பயன்படுத்துகிறோம். நான் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது என் நாத்தனாரும் நானும் மலைப்பக்கம் போய்விடுவோம். ஆறு ஆண்டுகளாக என் முதுகில் இருப்பது கித்தான் பைதான். அதற்கு முன் நைலான் பை வைத்திருந்தேன். இரண்டையும் சுமந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அழகுக்காக வாங்குவதில் தவறில்லை, ஆனால் அழகை நான்காவதாகப் பாருங்கள். முதலில் கொள்ளளவு, அடுத்து தோள்வார், அடுத்து வாய்ப்பகுதி.

கொள்ளளவைப் பொறுத்தவரை, நம் பக்கத்து நாள் நடைக்கு 15 முதல் 18 லிட்டர் போதும். 25 லிட்டர் பை எடுத்தால் 25 லிட்டரையும் நிரப்பத்தான் கை போகும். வீட்டில் இருக்கும் இரண்டாவது துண்டும் மூன்றாவது தண்ணீர்ப் புட்டியும் தாமாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்ற மாதம் குரங்கணி – சாம்பலாறு பாதைக்குப் போன அன்று நான் கொண்டுபோனதைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. எவர்சில்வர் டப்பாவோடு புளிச்சோறு 750 கிராம், மழைச்சட்டை 450, மாற்றுச் சட்டையும் துண்டும் 300, கொய்யாப்பழம் 200, டார்ச்சும் மருந்துப் பொட்டலமும் கயிறும் அட்டைப்பூச்சிக்கு வைத்திருக்கும் உப்பும் சேர்த்து 400. மொத்தம் 4 கிலோ 100 கிராம். இதற்கு இடுப்புப் பட்டையோ உள்ளே இரும்புச் சட்டமோ தேவையில்லை. அவை பத்துக் கிலோவுக்கு மேல் சுமப்பவர்களுக்கு உரியவை.

தோள்வார் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியாக எழுதுகிறேன்.

13 ஜனவரி 2025, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். வெறும் பையின் எடை. என் கித்தான் பை 1 கிலோ 300 கிராம். நாத்தனாரின் நைலான் பை ஏறக்குறைய அதே கொள்ளளவுதான், ஆனால் எடை 480 கிராம். மேலே சொன்ன சுமையோடு என் பையையும் சேர்த்தால் 5 கிலோ 400 கிராம். அதில் நாலில் ஒரு பங்கு பையின் எடை மட்டுமே. கித்தான் பை வாங்குபவர் தெரிந்தே வாங்க வேண்டிய செலவு இது. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு நைலான் பக்கம் போய்விடலாம். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

16 ஜனவரி 2025

பொங்கல் வேலை முடிந்தது. தோள்வார்.

பழைய பாணிப் பைகள் பலவற்றில் தோள்வார் ஒன்றரை அங்குல அகலத் தோல் பட்டையாக இருக்கிறது. படத்தில் அது நன்றாகத்தான் தெரியும். நான்கு கிலோவோடு இரண்டு மணி நேரம் ஏறிய பிறகு கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே இரண்டு சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கும். இரண்டேகால் அங்குலமாவது அகலம் வேண்டும், அடியில் கம்பளித் துணியோ தடித்த பருத்தித் துணியோ மெத்தையாக வைத்துத் தைத்திருக்க வேண்டும். தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ அப்படித்தான் தோளுக்கு இந்த மெத்தை. எங்கள் பக்கம் புல்லுக்கட்டு சுமக்கும் பெண்கள் சும்மாட்டை எவ்வளவு கவனமாகச் சுருட்டுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கட்டை எடுப்பதற்கு முன்னால் துணியின் சுருளை இரண்டு மூன்று முறை பிரித்துப் பிரித்துச் சுற்றுவார்கள். கட்டின் எடை ஒரு முனையில் இறங்காமல் பரவ வேண்டும் என்பதற்காகத்தான்.

அடுத்தது, இரண்டு வார்களும் பையின் மேல் விளிம்பில் எங்கே தைக்கப்பட்டிருக்கின்றன என்பது. என்னைப் போலக் குறுகிய தோள் உள்ளவர்களுக்கு இரண்டுக்கும் இடையே நான்கு விரற்கடைக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிட அகன்றால் வார் நழுவிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டே நடப்பீர்கள், செங்குத்தான இடத்தில் அந்தக் கை பிடிமானத்துக்குக் கிடைக்காது. கடைக்காரர்கள் இதற்கு மார்புப் பட்டையைக் காட்டுவார்கள். அது உதவும்தான். ஆனால் வார் சரியான இடத்தில் தைக்கப்பட்ட சிறிய பைக்கு அது இல்லாமலும் நடக்கலாம்.

மூன்றாவதாக, பை முதுகில் உட்காரும் உயரம். பையின் அடிப்பகுதி இடுப்பெலும்புக்கு மேல் முதுகின் குழிவில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சரிக்கட்ட உடம்பு முன்னால் குனியும், மாலையில் வலிப்பது தோளாக இருக்காது, நடுமுதுகாக இருக்கும். தண்ணீர்ப் புட்டியை முதுகை ஒட்டி மேலாக வையுங்கள். பழம், துண்டு போன்றவை வெளிப்புறமாகவும் அடியிலும் போகலாம்.

முதுகுப்பைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ரக்சாக் என்ற பெயரே ஜெர்மன் மொழியில் முதுகையும் பையையும் சேர்த்துச் சொல்வதுதான். 1908-இல் நார்வேயில் ஓலே பெர்கன் என்பவர் வேட்டைக்குப் போனபோது தளர்ந்து தொங்கிய தன் பையைத் தாங்க ஜூனிப்பர் மரக்கொம்பை வளைத்துச் சட்டம் செய்தார் என்றும், அடுத்த ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார் என்றும் சொல்கிறார்கள். முதுகின் வளைவுக்கு ஏற்பப் பை இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. நம் மலையில் அதைவிடப் பழைய சுமப்பு உண்டு. குரங்கணிக்கு மேலேயும் மூணாறுப் பக்கமும் வாழும் பழங்குடியினரான முதுவர்கள், மதுரையிலிருந்து வந்தபோது மீனாட்சியம்மனின் திருவுருவை முதுகில் சுமந்து வந்ததால்தான் தங்களுக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். முதுவப் பெண்கள் பிள்ளையைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறுவதைப் பின்னாலிருந்து பார்த்தால், சுமை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. பிள்ளை உயரத்தில், முதுகோடு ஒட்டி, ஆடாமல் இருக்கும்.

20 ஜனவரி 2025

"எல்லாவற்றுக்கும் நைலான் வந்த பிறகு கித்தானைப் பிடித்துத் தொங்குவது ஏன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

என் அனுபவத்தில் காரணங்கள் மூன்று. கித்தான் முட்புதரில் உரசினால் நூல் இழை எழும்பும், ஆனால் எளிதில் கிழியாது. கிழிந்தாலும் வீட்டில் ஊசிநூலால் ஒட்டுப்போட முடியும். மெல்லிய நைலானில் ஒரு முள் கீறினால் அந்தக் கீறல் ஓடும். இரண்டாவது, வியர்வை. கித்தான் வியர்வையை உறிஞ்சி மெல்ல விடும். நைலான் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, சத்தம். நைலான் பையைத் திறந்தால் சரசரவென்று கேட்கும். இருவாச்சிப் பறவை எங்கேயாவது கத்துகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது அது பெரிய வித்தியாசம்.

துணியின் கனத்தை அவுன்சில் சொல்வார்கள். ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்பது கணக்கு. 12 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம், 18 அவுன்ஸ் என்றால் 600 கிராம். உடல்பகுதிக்கு 12 முதல் 15 வரை போதும், அடிப்பாகத்துக்கு 18 இருந்தால் நல்லது. முழுப் பையையும் 18-இல் தைத்துவிட்டு "முரட்டுத் துணி" என்று விற்பவரிடம் வாங்கினால், துணியின் முரட்டுத்தனத்தை உங்கள் தோள்தான் சுமக்கும்.

மழையைப் பற்றி: பருத்தி நூல் நனைந்தால் உப்பும். நெய்த துளைகள் அதனால் நெருங்கிக்கொள்ளும், தூறலில் தண்ணீர் உள்ளே இறங்காது. பழைய கூடாரத் துணி வேலை செய்வது இப்படித்தான். தூறலுக்கு இது போதும் என்பதே இன்றுவரை என் அனுபவம்.

2 பிப்ரவரி 2025

இன்று ஒரு வேலை செய்தேன். என் பையை 20 லிட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது உண்மையா என்று ஆறு ஆண்டுகளாகப் பார்த்ததே இல்லை. அரிசிப் பொரி வாங்கிவந்து, ஒரு லிட்டர் எண்ணெய் அளக்கும் குவளையால் அளந்து அளந்து பைக்குள் கொட்டினேன். நடு அறையில் பதினான்கரைக் குவளை. முன்பக்கத்து இரண்டு பைகளிலும் தலா ஒன்றேகால். ஆக 17. மேல்மடலைத் தூக்கிக் கழுத்துக்கு மேலே கோபுரமாகக் குவித்தால் 20 வரும்; விற்றவர் அப்படித்தான் கணக்கிட்டிருக்க வேண்டும். பொரியைக் காக்கைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டேன்.

ஆகவே என் முதல் பதிவில் நான் சொன்ன 15 முதல் 18 என்பதைப் பொரியால் அளந்த லிட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அச்சிட்ட லிட்டரோடு அதைச் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

9 பிப்ரவரி 2025

வாய்ப்பகுதியை இன்னும் சொல்லவில்லை.

பழைய பாணியின் உண்மையான நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். சுருக்குக் கயிறும் அதன் மேல் ஒரு மடலும். நம் பாட்டிகளின் சுருக்குப் பையைப் பெரிதாக்கி முதுகில் மாட்டியதைப் போன்றது. ஜிப் வைத்த பையில் ஒரு பல் மணலைக் கடித்துக்கொண்டால் பை முழுவதும் திறந்தபடி நிற்கும்; அதை மலையில் வைத்துச் சரிசெய்ய முடியாது. கயிறு அறுந்தால் செருப்பு நாடாவைப் போட்டுக்கூடச் சுருக்கிவிடலாம்.

மடலைப் பூட்டும் கொக்கியைக் கையால் தொட்டுப் பாருங்கள். இப்போது விற்கும் பைகளில் பெரும்பாலானவற்றின் கொக்கி வெறும் தோற்றம்தான். தோல் நாக்கு பித்தளை வளையத்துக்குள் நிரந்தரமாகத் தைக்கப்பட்டிருக்கும், அதன் அடியில் காந்தப் பொத்தான் ஒன்று ஒளிந்திருக்கும். திறக்க எளிது என்பது உண்மையே. ஆனால் பை நிரம்பி மடல் மேலே தள்ளப்பட்டால் காந்தம் பிடிக்காது. கேள்வி கேட்டவர் ராமக்கல்மேடு போவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே அடிக்கும் காற்றைப் பற்றிக் கம்பத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் நாத்தனாரின் தோழி ஒருவருக்கு அந்தப் பாறை மேல் மடல் திறந்துகொண்டு, உள்ளே இருந்த துண்டும் தொப்பியும் தமிழ்நாட்டுப் பக்கம் பறந்து இறங்கின. திசைகாட்டியையோ கைபேசியையோ அந்தக் காந்தத்தின் அருகில் வைத்தால் முள்ளும் திரும்பும். ஊசியும் துளையும் உள்ள மெய்யான கொக்கியே வேண்டும், ஒன்றே போதும், இரண்டு தேவையில்லை.

தோலைப் பற்றி. தாவரப் பதம் செய்த தோல், குரோம் பதம் செய்த தோல் என்று இரண்டு வகை இருக்கின்றன. நம் நாட்டுப் பழைய முறை தாவரப் பதம்: ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் தோலை நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி ஆகிய ஊர்களிலிருந்து இப்படிப் பதமான தோல் நெடுங்காலமாகக் கப்பலேறியிருக்கிறது. தாவரத் தோல் முதலில் விறைப்பாக இருக்கும், பழகப் பழக நிறம் ஆழ்ந்து, உடம்புக்கு ஏற்ப வளையும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்வரை ஒரே பழுப்பு என்றால் பெரும்பாலும் தாவரப் பதம், நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். வாருக்கும் கொக்கிக்கும் தாவரத் தோல்தான் உயிர் என்பேன்.

தையலில் ஒரு சோதனை உண்டு. தோலில் தையல் மிக நெருக்கமாக இருந்தால் தபால்தலை ஓரத்தைப் போல அந்தக் கோட்டிலேயே கிழியும். வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்திருக்கிறார்களா, பின்பக்கத்தில் ஒட்டுத் துணி கொடுத்திருக்கிறார்களா என்று பையைப் புரட்டிப் பாருங்கள்.

10 பிப்ரவரி 2025

மெழுகு பூசலாமா என்று கேட்டவருக்கு: பூசலாம். தேன்மெழுகு இரண்டு பங்கும் மெழுகுவத்தி ஒரு பங்கும் உருக்கிக் கட்டியாக்கி, துணி மேல் அழுத்தித் தேய்த்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைப் பழைய துணி ஒன்றின் மேலாக ஓட்டினால் மெழுகு இழைக்குள் இறங்கிவிடும். தேன்மெழுகு 62 பாகைக்கு மேல்தான் உருகும், ஆகவே வெறும் வெயில் போதாது. நான் முழுப் பைக்கும் நேற்றுத்தான் பூசினேன்.

கோடையில் காட்டுத்தீப் பருவம் தொடங்கினால் பாதைகளை மூடிவிடுவார்கள். மூட வேண்டியதுதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்ததை இந்த ஊரில் இருக்கும் யாரும் மறக்கவில்லை. பையில் எதை வைக்கக் கூடாது என்று கேட்டால் என் முதல் பதில் தீப்பெட்டி. அனுமதி இல்லாத பாதையில் எந்தப் பையையும் மாட்டிக்கொண்டு நுழையாதீர்கள். பையின் வெளிப்பக்கம் ஓர் ஊதலைக் கட்டி வையுங்கள். உள்ளே வைத்தால் வேண்டும்போது கைக்கு வராது.

20 ஏப்ரல் 2025

பத்து வாரத்துக்கு முன் மெழுகைப் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். போடி வெயிலில் மெழுகு உருகவில்லை, ஆனால் இளகிவிட்டது. பை பிசுபிசுக்கிறது. பேருந்தில் மடியில் வைத்திருந்ததில் சேலையில் நீளமாக ஒரு கறை. செம்மண் தூசி முழுவதும் அதில் படிந்து, பையின் நிறமே மாறிவிட்டது. முழுப் பைக்கும் பூசியது தவறு. மேல்மடலுக்கும் அடிப்பாகத்துக்கும் மட்டும் பூசியிருக்க வேண்டும். முதுகில் படும் பக்கத்தைத் தொட்டிருக்கவே கூடாது, ஏனென்றால் கித்தான் வியர்வையை உறிஞ்சும் என்று நானே சொன்ன நன்மையை மெழுகு அடைத்துவிட்டது. குளிர்ந்த நாட்டுக்காரர்களின் செய்முறையை நம் அடிவாரத்துக்கு அப்படியே கொண்டுவந்ததன் பலன்.

8 ஜூன் 2025

இதை எழுதும்போதே தோள் வலிக்கிறது.

இந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தில் இறங்கிவிட்டது. இன்று சாந்தன்பாறைப் பக்கம் உறவினரின் ஏலத்தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து தோட்டப் பாதையிலேயே காலை எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். போடிமெட்டு ஏறும்வரை வானம் வெளுத்துத்தான் இருந்தது. எல்லையைத் தாண்டிய பிறகு மழை நிற்கவே இல்லை. நான்கு மணி நேரம்.

ஜனவரியில் "தூறலுக்கு இது போதும்" என்றேன். தூறலுக்குப் போதும். இன்றைய மழைக்குப் போதவில்லை. மெழுகு பூசிய துணியின் நடுப்பகுதி தாங்கியது. தையல் துளைகளும், மடல் மூடாத இரண்டு பக்க மூலைகளும், சுருக்குக் கயிற்றின் நடுவில் விழும் துளையும் தாங்கவில்லை. மதியம் சோற்று டப்பாவை எடுத்தபோது பையின் அடியில் ஒரு கை அளவுக்குத் தண்ணீர் நின்றது. மாற்றுச் சட்டையைப் பிழிய வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் தோல் வார். நனைந்த தாவரத் தோல் நீளும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரும் ஒரே அளவில் நீளாது என்பது இன்றுதான் தெரிந்தது. பதினோரு மணிக்கு மேல் பை இடப்பக்கம் சாயத் தொடங்கியது. நின்று கொக்கியை ஒரு துளை ஏற்றினேன். அரை மணி நேரத்தில் மீண்டும் சாய்ந்தது. துளைகள் ஓர் அங்குல இடைவெளியில் இருப்பதால் ஒன்று அதிகம் இறுகுகிறது, அல்லது தளர்கிறது. நடுவே ஓர் இடம் இல்லை. வழுக்கும் இறக்கத்தில் சாய்ந்த பையோடு இறங்குவது ஆபத்து. ஓரிடத்தில் நாத்தனார் என் முழங்கையைப் பிடித்திராவிட்டால் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து அளந்தேன்: இடது வார் வலதைவிட முக்கால் அங்குலம் நீண்டிருக்கிறது.

"தாவரத் தோல்தான் உயிர்" என்று நான் எழுதியதைக் கொக்கியோடு நிறுத்திக்கொள்கிறேன். தோள்வாருக்கு அது பொருந்தாது.

11 ஜூன் 2025

அந்தப் பையை அடுப்படியில் உலர்த்த வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான், தோல் வெடித்துவிடும். நேர் வெயிலும் கூடாது. நான் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தலைகீழாக மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டேன். முழுக்க உலர மூன்று நாள் ஆயிற்று. நைலான் பை அன்று இரவே உலர்ந்துவிட்டது. தோலின் உட்பக்கம் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது, துணியால் துடைத்துவிட்டு விளக்கெண்ணெயை இரண்டே சொட்டு விரலில் எடுத்துத் தடவினேன். அதிகம் தடவினால் தோல் தொளதொளத்துவிடும்.

குமுளி, மூணாறு, வால்பாறைப் பக்கம் மழைக்காலத்திலும் நடப்பவர்கள் கித்தான் பையை எடுக்கவே வேண்டாம். டிசம்பரிலிருந்து மழை இறங்கும்வரை நடப்பவர்களுக்குத்தான் அது. இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

6 ஜூலை 2025

பையைத் தூக்கிப் போடவில்லை. லாரித் தார்ப்பாய் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாற்பது ஆண்டுகளாகக் கித்தானைத் தைப்பவர். பையைக் கையில் வாங்கியதும் உள்ளே கூடப் பார்க்கவில்லை. இரண்டு வார்களையும் பிடித்து, பையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"இடது பக்கம் இழுக்குதேம்மா."

"ஆமாண்ணே. மழையில நீண்டுபோச்சு."

"தோல அறுத்துட்டு நாடா போட்டுருவோம். நாடாக் கட்டில் பின்னுவாங்களே, அந்தப் பருத்தி நாடா. ரெண்டா மடிச்சு ஓட்டுனா உங்க காலத்துக்கும் வரும்."

தோள்மெத்தைக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டேன். பழைய கம்பளி இருந்தால் கொண்டுவரச் சொன்னார். என் மாமியாருடைய ஊட்டிக் கம்பளியின் கிழிந்த ஓரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று மடிப்பாக வைத்துத் தைத்திருக்கிறார். நாடாவின் கீழ்முனையில் பற்கள் உள்ள இரும்புச் சறுக்குக் கொக்கி போட்டிருக்கிறார், ஆகவே துளைக் கணக்கு இனி இல்லை, அரைக்கால் அங்குலம் கூட ஏற்றி இறக்கலாம். மேலே இரண்டு வார்களுக்கும் நடுவே மூன்றரை விரற்கடை விட்டார். "உங்களுக்கு இது போதும், உங்க வீட்டுக்காரருக்கு ஆகாது" என்றார்.

தையலுக்குப் பருத்தி நூலா, பாலியஸ்டர் நூலா என்று ஒரு பேச்சு வந்தது. பருத்தி நூல் நனைந்தால் உப்பி ஊசித் துளையை அடைக்கும். ஆனால் சில ஆண்டுகளில் மக்கும். பாலியஸ்டர் மக்காது, துளையை அடைக்கவும் செய்யாது. அவர் பாலியஸ்டரில் தைத்து, தையல் கோட்டின் மேல் மெழுகுக் கட்டியை ஒரு முறை இழுத்துவிட்டார். தார்ப்பாய்க்கும் அப்படித்தான் செய்வாராம். நான் ஐந்து மாதம் யோசித்த மெழுகு விவகாரம் அவர் கையில் ஒரு நிமிட வேலை.

தோல் நீங்கியதில் பையின் எடை 1 கிலோ 120 கிராமுக்கு இறங்கியிருக்கிறது.

உள்ளே வைக்க ஓர் உறையும் தைத்தேன். கம்பி உடைந்த பழைய குடை இரண்டின் துணியைப் பிரித்துச் சேர்த்து, வாயை மூன்று முறை சுருட்டிக் கட்டும்படி நீளம் விட்டேன். எடை 90 கிராம்கூட இல்லை. காட்டுக்குள் ஞெகிழிப் பையைக் கொண்டுபோகாமலும் ஆயிற்று.

21 செப்டம்பர் 2025

குடைத்துணி உறையை ஒரு மணி நேர மழையில் சோதித்தேன். பை நனைந்தது, உறைக்குள் இருந்த சட்டை நனையவில்லை. தையல் கோட்டில் மட்டும் லேசான ஈரம். அங்கேயும் மெழுகு இழுத்துவிட்டேன்.

9 நவம்பர் 2025

சென்ற வாரம் அனுமதியோடு, வழிகாட்டியோடு, குரங்கணியிலிருந்து ஏறினோம். புதிய வாரோடு முதல் முழுநாள். தேயிலை இறக்கிய பழைய கம்பிவடத்தின் இடைநிலையமான சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை குறுகிய தண்டவாள ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி இந்த மலைச்சரிவில் கொட்டகுடிக்கு இறங்கிய காலம் ஒன்று இருந்தது. 1924 பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெட்டி பெட்டியாகச் சுமை தலைக்கு மேலே போன அதே வழியில், நாங்கள் ஐந்து கிலோவைச் சுமந்துகொண்டு எந்த வாரில் எத்தனை அங்குலம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இறங்கி வந்து கண்ணாடியில் தோளைப் பார்த்தேன். சிவப்புக் கோடு இல்லை. வார்களை அளந்தேன், இரண்டும் சமம்.

கம்பத்து வாசகர் நேற்று மீண்டும் கேட்டிருக்கிறார்: பத்து மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போது எதைத்தான் வாங்குவது? கேட்டதில் தவறே இல்லை. நான் பாதி வழியில் பேச்சை மாற்றிவிட்டேன். நடப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் என்றால் கித்தான் பை எடுங்கள். உடல்பகுதி 12 முதல் 15 அவுன்சுத் துணி, பொரியால் அளந்து 17 லிட்டர், மெய்யான கொக்கி ஒன்று, தோள்வார் பருத்தி நாடாவில். கடையில் நாடா வார் வைத்த பை கிடைக்காவிட்டால் தோல் வார் உள்ளதையே மலிவாக வாங்கி, தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். எனக்கு நாடா, கொக்கி, கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய்தான் ஆயிற்று. மழைக்காலத்திலும் நடப்பேன் என்றால் நாத்தனாரின் நைலான் பையைப் போன்ற ஒன்றை எடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு முறை மாட்டிப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடிக்கு வாருங்கள். இரண்டு பைகளையும் கொண்டுவருகிறேன், ஒவ்வொன்றிலும் நான்கு கிலோ அரிசி போட்டுத் தருகிறேன். பரமசிவன் கோயில் மலைப்படியை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு முடிவு செய்யுங்கள்.